மனத்தாங்கல் உண்டா என்று கேட்கும்போது

என்னை வழியனுப்பிய அன்று சால்வையும் மாலையுமாக நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, உங்களில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என் காதருகே குனிந்து கேட்டாள்: “மேடம், டோனரைத் தனியா உட்கார வெச்சி ‘டு யூ ரிசென்ட்’னு கேக்கச் சொல்றாங்களே, அதைத் தமிழ்ல எப்படிக் கேக்கறது?” கேக் வெட்டுகிற நேரம். “அப்புறம் சொல்றேன்மா” என்று நழுவிவிட்டேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்? இதோ, அந்த அப்புறம் வந்துவிட்டது.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது எடுத்துப் படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும். திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் மாற்றுகிற பிரிவில் நான் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். சித்தூரிலிருந்து தினமும் பஸ். சிறுநீரகம் கொடுக்க முன்வருகிறவரைத் தனியே உட்காரவைத்துப் பேசவேண்டும். மனமாரத்தான் கொடுக்கிறாரா, வீட்டார் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறார்களா என்று பார்க்கவேண்டும். பிறகு அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போய், நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்க்கவேண்டும். ரத்தமும் ஸ்கேனும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நமக்கு மனசு மட்டும்தான். அது ஸ்கேனில் விழுகிற சாமான் இல்லை.

எங்கள் மனநல மருத்துவர் வடக்கே எங்கோ பிறந்தவர். தெலுங்கில் நலமா என்று கேட்கிற ‘பாகுன்னாரா’வைத் தாண்டமாட்டார், தமிழில் அதுவும் கிடையாது. நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர். எல்லாம் கேட்டு முடித்த பிறகு பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கடைசியாக ஒன்று கேட்பார். இந்த அம்மா அந்த ஆளை ரிசென்ட் பண்றாங்களா? அதற்கு நான் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவேண்டும்.

அகராதி சொன்னது வெறுப்பு, கசப்பு, சினம் கொள்ளுதல். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ‘வெறுப்பு இருக்கா?’ என்று கேட்பாராம். நானும் கொஞ்ச காலம் அப்படியே கேட்டேன். வெளியே உறவுக்கூட்டம் பிளாஸ்க்கும் போர்வையுமாகக் காத்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண் ஆமாம் என்பாள்? “ஐயோ, அப்டியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்று எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். கேட்டவளுக்கும் வேலை முடிந்தது, சொன்னவளுக்கும் வேலை முடிந்தது.

அப்படியிருக்கையில் ராமகுப்பத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். பட்டுப்புழு வளர்க்கிற குடும்பம். மகனுக்குக் கொடுக்க வந்திருந்தாள். அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆரம்பித்துவிட்டாள்.

“பிரஷர் மாத்திரையத் துன்னுடா துன்னுடான்னு தலபாடா அடிச்சிக்கினேன் மேடம். கேட்டானா? எரும மாடு! இப்ப எங்க வந்து நிக்கிறான் பாரு, என் வவுத்தக் கிழிக்க வந்து நிக்கிறான்!”

மருத்துவர் மிரண்டுபோனார். ஆபரேஷனை நிறுத்திவிடலாமா என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். அந்த அம்மாள் என்னை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டாள். “நிறுத்தறதா? எம் புள்ளைக்கும் எனக்கும் நடுவுல இந்த ஆளு யாரு?”

நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். மனிதர் சிரித்துவிட்டார். அவள் போன பிறகு அவர் சொன்னதை நீங்கள் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். “கோபம் வாய் வழியாக வெளியே வந்துவிடும், அதைப் பார்த்து எனக்குப் பயமில்லை. வெளியே வராமல் உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பற்றித்தான் நான் கேட்கிறேன். அதை உள்ளே வைத்துக்கொண்டே கொடுத்துவிட்டு, பின்னால் அந்த ஆள் சரியாக நடந்துகொள்ளாவிட்டால், அவள் உடைந்துபோவாள். கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது.”

அன்றைக்குத்தான் அந்த வினைச்சொல் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. முன்பின் தெரியாதவன் காலை மிதித்தால் திட்டிவிட்டுப் போய்விடுகிறோம். வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும்போது அவன் நினைவு கூட வருவதில்லை. யார் செய்யவேண்டுமோ அவர் செய்யாமல் விட்டதைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு திரிகிறோம். உரிமை உள்ள இடத்தில்தான் மனத்தாங்கல். இதை நான் அமுலுவிடம்தான் முழுசாகக் கற்றேன்.

அமுலு என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஓர் அமுலு உண்டு, எந்த அமுலு என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. பிறந்த வீடு நகரியில், பவர்லூம் ஓட்டுகிற குடும்பம். சத்தியவேடு பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய அண்ணன் முனிரத்தினத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. சித்தூரில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவனை நிலைமை மோசமாகி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். தாய் தகப்பன் இல்லை. மனைவிக்குச் சர்க்கரை, அவளால் கொடுக்க முடியாது. பிள்ளைகள் சின்னவர்கள். மிச்சம் இருந்தது இந்தத் தங்கை ஒருத்திதான். ரத்தம் பொருந்தியது, எல்லாம் பொருந்தியது. பெரிய டாக்டருக்கு ஒரே சந்தோஷம்.

என் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மெலிந்த உடம்பு, முகத்தில் வெயில் பட்ட கறுப்பு.

“யாராவது குடுக்கச் சொன்னாங்களாம்மா?”

“யாரும் சொல்லலக்கா. அண்ணி போன் பண்ணி அழுதுச்சி. குடுன்னு அதுவும் கேக்கல. நானாத்தான் வந்தேன்.”

“உங்க வீட்டுக்காரரு?”

“உன் இஸ்டம்னுட்டாரு.”

எல்லாம் தட்டில் வைத்த மாதிரி பதில். வேறு யாராவது இருந்தால் அதோடு எழுந்து போயிருப்பார்கள். எனக்கு ஒன்று மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. பேச்சு முழுவதும் அவள் வாயில் ‘எங்கண்ணன்’ என்ற சொல் ஒரு தடவை கூட வரவில்லை. ‘பேஷண்டு’ என்றாள். “பேஷண்டுக்கு நேத்து மூச்சு வாங்கிச்சி”, “பேஷண்டு இட்லி துன்னாரு.” நர்ஸ் பேசுகிறது மாதிரி பேசினாள்.

வேண்டாம் என்கிறவர்களுக்கு நாம் ஒரு கதவு வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அதை அவளுக்கும் திறந்து காட்டினேன். “உனக்கு மனசு இல்லன்னா என் ஒருத்திகிட்ட சொல்லு, போதும். பொருந்தலன்னு டாக்டர் சொல்லிடுவாரு. உன்ன யாரும் ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்க.”

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள். பிறகு சொன்னாள்.

“வேணாங்க்கா. அது ஒரு பொய்யாப் பூடும். அவருக்காக ஏற்கெனவே ஒரு பொய்யச் சொல்லிட்டு, அதையே எறக்கி வெக்கத் தெரியாம தூக்கிக்கினு கீறேன்.”

என்ன பொய் என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் நகர்த்தி வைத்தேன். இந்த மாதிரி நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள். கேட்டால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும்.

அவளுடைய பெண் பெரியவளானபோது மஞ்சள் நீராட்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டவேண்டும். மாமன் தட்டில் கொண்டுவரும் சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணையில் உட்காரவேண்டும். தகப்பன் என்ன வாங்கிக் குவித்தாலும் சபையில் அது கணக்கில் வராது. மாமன் வரவில்லை என்றால் பெண்ணைப் பெற்றவளுக்குப் பிறந்த வீடு இல்லை என்றே அர்த்தம். முனிரத்தினம் போனில் வருகிறேன் என்று சொல்லியிருந்தான்.

“சொன்னாரு. ஆனா அந்தக் குரலு சரியில்லக்கா. கூடப் பொறந்தவளுக்குத் தெரியாதா? முந்தின நாளே புத்தூருக்குப் போயி நானே ஒரு பட்டுச் சேலை எடுத்தாந்து பக்கத்து வூட்டுல ஒளிச்சி வெச்சேன். தேவப்படக் கூடாதுடா சாமின்னு வேண்டிக்கினேன். மாம்பழக் கலரு, அரக்கு பார்டரு.”

மறுநாள் பஸ் நிற்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடியிருக்கிறாள். மதியம் தாண்டியது. வந்தவர்கள் ‘மாமன் வரலயா, மாமன் வரலயா’ என்று ஒருவர் காதில் ஒருவர் ஓத ஆரம்பித்தார்கள். மாமியார் வீட்டு ஜனம் முழுக்கக் கூடியிருக்கிறது. பெண் பழைய பாவாடையோடு உள்ளே உட்கார்ந்து அழுகிறது. அமுலு கொல்லைப்புறமாக ஓடிப் பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கடைப் பையில புத்தூருன்னு போட்டிருந்துச்சி. அதக் கிழிச்சி அடுப்புல போட்டுட்டு, தட்டுல பூவு பழத்தோட சேலைய வெச்சி, அவளத் தெருப்பக்கமா வரச் சொன்னேன். ‘நகரிலேருந்து அண்ணன் பஸ்ல குடுத்து வுட்டிருக்காரு, தறி வேல, வர முடியலயாம்’னு சத்தமா சொல்லிக்கினு வாடின்னேன். வந்தா. எல்லாரும் நம்பிட்டாங்க. சேலையப் பாத்துட்டு எங்க மாமியாரே வாயத் தொறக்கல.”

“ஏன் வரலன்னு அப்புறம் கேட்டியா?”

“கேக்கல. வராதது கூட பெருசு இல்லக்கா. அதக் கூட மறந்திருப்பேன்.”

அதற்குப் பிறகு நகரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அமுலு வெற்றிலைத் தட்டோடு நடந்துகொண்டிருக்கிறாள். பந்தலில் முனிரத்தினம் நாலு பேரோடு உட்கார்ந்திருக்கிறான். சத்தியவேட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் அவன் முதுகில் தட்டி, “போவ முடியாட்டியும் தங்கச்சி பொண்ணுக்குச் சீரு தப்பாம அனுப்பிட்டியேப்பா. அந்த மாம்பழக் கலரு பட்டு, அடடா!” என்றிருக்கிறார்.

“அவரு இன்னா சொன்னாரு தெரியுமாக்கா? ‘ஆமா மாமா, நாலு கடை ஏறி எறங்கி எடுத்தேன்’னாரு. சொல்லிட்டுத் திரும்பறாரு, நான் நிக்கிறேன். என்னப் பாத்தாரு. பாத்துட்டு, வெத்தல எடுத்துக்கினு மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கினாரு.”

அவள் அழவில்லை. கண் சிவந்திருந்தது, அவ்வளவுதான். “ஒரு தடவ என்னத் தனியாக் கூப்ட்டு, ‘அமுலு, நீ என் மானத்தக் காப்பாத்துன’ன்னு சொல்லியிருந்தா போதும். அப்பால எத்தினி பொங்கலுக்குப் போனேன், எத்தினி தடவ அந்த வூட்டுல துன்னேன். சொல்லுவாருன்னு பாத்துக்கினே இருந்தேன். சொல்லல.”

அகராதியில் தேடிக் கிடைக்காதது எனக்கு அங்கே கிடைத்தது. இப்படி உள்ளே வைத்துக்கொண்டு, அதே வீட்டில் கைநனைத்துக்கொண்டு, ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருப்பதுதான் அந்த வினைச்சொல். வெறுத்தவள் பொங்கலுக்குப் போகமாட்டாள்.

எழுந்திருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்த டாக்டரு கேட்டா ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுங்கக்கா. நிறுத்திடப் போறாரு.”

“உன் கதைய நான் சொல்லமாட்டேன். ஆனா உண்டா இல்லையான்னு கேட்டா பொய் சொல்ல என்னால ஆவாதும்மா” என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அந்த இடத்தில் என்மேலும் அவளுக்கு மனத்தாங்கல் வந்திருக்கும். நியாயம்தான்.

மருத்துவர் அறையில் எல்லாக் கேள்வியும் சுமுகமாகப் போயிற்று. வெளியே கண்ணாடிக் கதவுக்கு அப்பால் முனிரத்தினத்தின் மனைவி நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. வார்டில் முனிரத்தினத்துக்கு அன்று காலையிலிருந்து மூச்சுத் திணறல். கழுத்து நரம்பில் போட்டிருந்த குழாயிலும் தொற்று வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. வேறு டோனர் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். அவர் பேனாவை உருட்டிக்கொண்டு கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் ஓர் உயிர் பிழைக்கும். அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆமாம் என்றால் அவர் பேனாவை மூடிவிடலாம், அப்புறம் அந்த மனைவி முகத்தில் நான் எப்படி விழிப்பது? இன்னொரு பக்கம், இல்லை என்று சொல்லி, பின்னால் இந்தப் பெண் அவர் சொன்ன மாதிரி உடைந்துபோனால் அதற்கு யார் பதில் சொல்வது? இங்கிலீஷ் தெரியாத அமுலு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாம் சார்” என்றேன். “ஒரே ஒரு விஷயத்தில். அதற்கும் இந்த ஆபரேஷனுக்கும் சம்பந்தம் இல்லை. அது என்ன என்று என்னைக் கேட்காதீர்கள்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் பதில் என்ன என்று அமுலுவுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்கவில்லை.

“அப்படியென்றால் ஏன் கொடுக்கிறார் என்று கேளுங்கள்” என்றார் மருத்துவர்.

கேட்டேன். அமுலு என்னிடம் பேசவில்லை. நிமிர்ந்து அவரையே பார்த்துத் தமிழில் சொன்னாள்.

“அவரு மேல எனக்குக் கோவம் கீது சார். நெறைய கீது. அவரு செத்துப் பூட்டாருன்னா நான் யாரு மேல கோவப்படறது?”

நான் அதைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தேன், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். மேசை மேல் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அந்த விஷயம் அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார். எனக்குத் தெரியும்னும் அவருக்குத் தெரியும்” என்றாள் அமுலு.

“நாங்கள் அவரிடம் பேசட்டுமா?”

“வேணாம். நீங்க சொல்லி அவரு சொன்னா அது இன்னாத்துக்கு? தானா வரணும்.”

வராமலே போனால் என்று அவர் கேட்டார். அவள் லேசாகச் சிரித்தாள். “வரும் சார். ஆயுசுதான் குடுக்கறனே, சொல்றதுக்கு நேரம் கெடைக்கும்.”

அவர் சம்மதம் எழுதினார். நான் செய்தது சரியா என்று இத்தனை வருஷமும் யோசித்திருக்கிறேன். சரி என்று அடித்துச் சொல்ல இன்றைக்கும் எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அன்று நான் இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் அதைச் சொல்லியிருக்கமாட்டாள். தன் வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டுக் கத்தியின் கீழ்ப் போய்ப் படுத்தாள். அந்த மட்டில் எனக்கு நிம்மதி.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அமுலு நடக்க ஆரம்பித்ததும் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு அண்ணனைப் பார்க்கப் போனாள். நான் கூடப் போனேன். முனிரத்தினம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு பெரிய ஆண்பிள்ளை ஓவென்று அழுதான். நீதான் என் தாய் என்றான். என் பிள்ளைகள் சாகிற வரைக்கும் உன் காலைக் கழுவவேண்டும் என்றான். குலதெய்வத்துக்கு முன்னால் உன் படத்தை வைப்பேன் என்றான். கூட இருந்த நர்ஸுக்குக் கூடக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வரும்போது அமுலு தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

“எல்லாம் சொன்னாருக்கா. அத மட்டும் சொல்லல.”

கொடுத்தவர்கள் வருஷா வருஷம் செக்கப்புக்கு வரவேண்டும். நிறையப் பேர் வருவதில்லை. அமுலு தவறாமல் வந்தாள். ஸ்கேனுக்கு முன்னால் என் அறையை எட்டிப் பார்ப்பாள். நான் புருவத்தை மட்டும் தூக்குவேன். அவள் தலையை ஆட்டுவாள். “இன்னும் இல்லக்கா. குண்டாயிட்டாரு, தறிய ஓட்டறாரு, வாய் மட்டும் தொறக்கல.” இரண்டு பேரும் சிரிப்போம். ஒரு வருஷம் இருவர் குடும்பமும் சேர்ந்து அலிபிரியிலிருந்து மலையேறி வேண்டுதல் முடித்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அண்ணன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தானாம். என்னவோ சொல்லப்போகிற மாதிரி தொண்டையைக் கனைத்தானாம். “அப்பால ‘மோர் குடிக்கிறியா அமுலு’ன்னாரு.” அந்த மோரை வாங்கிக் குடித்தாளாம். அவனைப் பற்றி அப்போதெல்லாம் எங்கண்ணன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் அவள் வந்தபோது புருவத்தைத் தூக்கினேன். அவள் தலையை ஆட்டவில்லை. உள்ளே வந்து, முதல் நாள் உட்கார்ந்த அதே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“அண்ணன் பூட்டாருக்கா. நெஞ்சு வலி. தறிகிட்டயே.”

அவளே சொன்னாள், அந்தச் சிறுநீரகம் கடைசி வரைக்கும் ஒழுங்காக வேலை செய்தது என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது கை தானாக விலாவுக்குப் போயிற்று.

“காரியத்தன்னிக்கு எல்லாரும் உக்காந்து அவரப் பத்திப் பேசிக்கினு இருந்தாங்க. சத்தியவேட்டுக்காரப் பெரியவரு, அந்த மனுசன் இன்னும் கீறாருக்கா, அவரு ஆரம்பிச்சாரு. ‘நேர்ல போவ முடியாட்டியும் தங்கச்சி பொண்ணுக்கு மாம்பழக் கலரு பட்டு அனுப்புனவன்யா. அந்த மாதிரி மாமன் யாரு கீறான்?’ன்னாரு. எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க. அண்ணியும் பாத்துச்சி. புள்ளைங்களும் பாத்துதுங்க.”

“நீ என்ன சொன்ன?”

அமுலு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“‘ஆமா, எங்கண்ணன் நாலு கடை ஏறி எறங்கி எடுத்தாரு’ன்னேன்.”

நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த வருஷம் எங்கள் பழைய மனநல மருத்துவர் இல்லை, மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் சின்ன வயசு, சுறுசுறுப்பு. செக்கப்புக்கு வருகிறவர்களிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டாகவேண்டும் என்பது இப்போது வழக்கமாகிவிட்டதே, அவரும் கேட்டார். கொடுத்ததைப் பற்றியோ வாங்கியவரைப் பற்றியோ இந்த அம்மாவுக்கு ரிசென்ட்மெண்ட் ஏதாவது உண்டா?

நான் அமுலு பக்கம் திரும்பினேன். எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகக் கேட்ட கேள்விதான். “உள்ளாற ஏதாவது வெச்சிக்கினு கீறியாம்மா?” என்று அவள் பேச்சிலேயே கேட்டேன்.

அமுலு யோசித்தாள். பையைத் துழாவிப் பார்ப்பது மாதிரி உண்மையாகவே உள்ளே தேடிப் பார்த்தாள். பிறகு இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட என் எதிரில் அழாதவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

“இல்லக்கா. இப்ப நெஜமாவே ஒண்ணும் இல்ல. தேடறேன், காணல.”

பிள்ளைகளே, அந்தக் கேள்வியைத் தமிழில் எந்தச் சொல்லால் வேண்டுமானாலும் கேளுங்கள். ஆமாம் என்று ஒருத்தி சொன்னால் பதறாதீர்கள். அவள் இன்னும் யாரிடமோ எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று சொன்னால் மட்டும், தயவுசெய்து, ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நான் மருத்துவரிடம் இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். “வெரி குட்” என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.